ஒரு கொத்து அரிசியும் ஒரு கடதாசியும்: டட்லி சேனநாயக்க பின்வாங்கிய இரண்டு தடவைகள்

"டட்லி நல்ல மனுசன்தான். ஆனால்..." இலங்கைத் தமிழர் வீடுகளில் அரசியல் பேசும் வயதானவர்களிடம் முன்னாள் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் பெயரை எடுத்தால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். சிங்களக் கிராமங்களிலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள். அங்கே அந்த 'ஆனால்' அரிசியைப் பற்றியது. இங்கே ஓர் ஒப்பந்தத்தைப் பற்றியது.

இரண்டு 'ஆனால்'களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல காலமாக ஆசை. 1953இல் அரிசி விலைக்காகப் பதவியை விட்டவரும், 1968இல் மாவட்டசபை மசோதாவைக் கைவிட்டவரும் ஒரே ஆள். முதலாவதை மனச்சாட்சி என்கிறோம், இரண்டாவதைக் கோழைத்தனம் என்கிறோம். இரண்டும் ஒரே குணத்தின் வேலை என்பது என் எண்ணம். அந்தக் குணத்தைப் புரிந்துகொண்டால், அவரை நம்பிய தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் ஏன் நம்பினார் என்பதும் ஏன் ஏமாந்தார் என்பதும் ஓரளவு விளங்கும்.

குதிரையும் கதிரையும்

டட்லி 1911 ஜூன் 19இல் பிறந்தார். சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் மூத்த மகன். கல்கிசை சென் தோமஸ் கல்லூரி, அப்புறம் கேம்பிரிட்ஜ், அங்கிருந்து பாரிஸ்டர் பட்டம். 1936இல், 24 வயதில், தெடிகம தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947இல் தந்தையின் அமைச்சரவையில் விவசாய, காணி அமைச்சர். கலியாணம் செய்யவில்லை. பைப் புகைப்பதும் கோல்ஃப் விளையாடுவதும் அவருடைய பெரிய பொழுதுபோக்குகள்.

அவர் வளர்ந்த ஐக்கிய தேசியக் கட்சி காணிக்காரர்களின், ஆங்கிலம் படித்தவர்களின், பிரித்தானியாவோடு நல்லுறவை விரும்பியவர்களின் கட்சி. எதையும் மெதுவாக மாற்ற வேண்டும், இடதுசாரிகள் கைக்கு நாடு போய்விடக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படைக் கொள்கை. தலைமைக் கதிரையைச் சுற்றி நின்றவர்களில் பலர் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். எதிராளிகள் அதை மாமன் மருமகன் கட்சி என்று கூப்பிட்டதற்குக் காரணம் அதுதான்.

1952 மார்ச் 21 காலை டி.எஸ். சேனநாயக்க காலிமுகத்திடலில் குதிரையோட்டம் போனார். குதிரையிலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்துபோனார். அடுத்தது யார் என்ற கேள்வி எழுந்தபோது, கட்சியில் அனுபவத்தாலும் மூப்பாலும் முன்னால் நின்றவர் சேர் ஜோன் கொத்தலாவல. ஆனால் மகாதேசாதிபதி சோல்பரி பிரபு டட்லியை அழைத்தார். மகனே வரவேண்டும் என்று தந்தை விரும்பியிருந்தது சோல்பரிக்குத் தெரியும். டட்லி தயங்கினார், மற்றவர்கள் வற்புறுத்தினார்கள், மார்ச் 26இல் பதவியேற்றார். வயது 40.

இந்தத் தயக்கத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அரசியலில் இதைச் சிலர் நாடகமாகச் செய்வார்கள். டட்லியிடம் இது உண்மையாகவே இருந்தது என்பதற்கு அடுத்த ஒன்றரை வருடமே சாட்சி.

மே மாதம் தேர்தல். 95 ஆசனங்களில் ஐ.தே.க.வுக்கு 54. இங்கே ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1948, 1949 சட்டங்கள் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்துவிட்டன. அதனால் 1952 தேர்தலில் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களுக்கு வாக்கு இல்லை. டட்லியின் முதல் வெற்றி அந்த வெறுமையின் மேலும் கட்டப்பட்டதுதான். அடுத்த வருடம் லண்டனில் நேருவோடு இந்தப் பிரச்சினை பற்றி அவர் பேசினார். அந்தப் பேச்சும் முடிவில்லாமல் நின்றுபோனது.

25 சதம், 70 சதம்

கொரிய யுத்த காலத்தில் ரப்பர் விலை ஏறி இலங்கைக் கஜானாவில் பணம் புரண்டது. 1952இல் ரப்பர் விலை இறங்கியது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த நாட்டுக்கு இது இரண்டு பக்கமும் அடி. 1952 டிசம்பரில் சீனாவோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தார்கள். கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே பயந்த ஒரு கட்சி, அமெரிக்காவின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் பீக்கிங்கோடு கைகோத்தது என்றால் நெருக்கடி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அதுவும் போதவில்லை. கூப்பன் அரிசியைக் குறைந்த விலைக்குக் கொடுக்க அரசு போட்ட மானியம் வரவுசெலவுத் திட்டத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. மானியத்தை வெட்டச் சொல்லி உலக வங்கியின் குழுவும் ஆலோசனை கொடுத்திருந்தது.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன வெட்டினார். கூப்பன் அரிசி, கொத்து என்ற அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நின்றது. தபால் கட்டணமும் ரயில் கட்டணமும் ஏறின.

வாரம் ஐந்து கொத்து வாங்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போன வாரம் சங்கக்கடைக்கு ஒன்றேகால் ரூபாய் கொண்டுபோனால் போதும். இந்த வாரம் மூன்றரை ரூபாய் வேண்டும். கூலி ஒரு சதமும் கூடவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைத்த மதியச் சாப்பாடும் இல்லாததால் பிள்ளைக்கும் வீட்டுப் பானையில்தான் வைக்க வேண்டும். அந்த வீட்டுக்காரிக்கு உலகச் சந்தை விலை தெரியாது. போன வருடம் தேர்தலில் 25 சதம் என்று சொன்னவர்கள் இப்போது 70 சதம் கேட்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், அதாவது முழுக் கடையடைப்பு. சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி முதலான இடதுசாரிகள் கூப்பிட்டார்கள். தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. நகரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள் என்றுதான் அரசு எதிர்பார்த்தது. நடந்தது வேறு. மேல், தென் மாகாணக் கரையோரத்தில் கிராமத்துச் சனம் தெருவுக்கு வந்தது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், தந்திக் கம்பங்களைச் சாய்த்தார்கள், மரங்களை வெட்டி வீதிகளில் போட்டார்கள், பஸ்களை மறித்தார்கள். அமைச்சரவை அன்று கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஹெச்.எம்.எஸ். நியூஃபவுண்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். சுதந்திரம் கிடைத்து ஐந்தரை வருடம்தான். சொந்த மக்களுக்குப் பயந்து, போன எசமானின் கப்பலில் ஏறி நின்று அவசரகாலச் சட்டத்துக்கு முடிவெடுத்தது ஓர் அரசு. இலங்கை அரசியலில் இதைவிட வேதனையான காட்சிகள் பின்னால் நிறைய வந்தன. ஆனாலும் இந்தக் காட்சியை மறக்க முடிவதில்லை.

பொலிஸும் இராணுவமும் சுட்டன. உயிர்கள் போயின.

டட்லிக்கு ஏற்கெனவே வயிற்றுக் கோளாறு இருந்தது. ஹர்த்தாலுக்குப் பின் உடல்நிலை மோசமானது. அக்டோபரில் பதவி விலகினார். சொன்ன காரணம் உடல்நலம். ஆனால் தன் ஆட்சியில், தன் பெயரில், அரிசி கேட்டவர்கள் சுடப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை என்றுதான் நாடு எடுத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. நெருக்கடி தணிந்துகொண்டிருந்தது. விலகச் சொல்லி யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. விலை ஏற்றத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சர் வேறு அமைச்சோடு அடுத்த அமைச்சரவையிலும் இருந்தார். போனவர் டட்லி மட்டும்தான். கொத்தலாவல பிரதமரானார், அரிசி விலையும் 55 சதத்துக்கு இறங்கியது.

இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பாராட்டிய பிறகு கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது. அந்த விலைக் குறைப்பை டட்லியே செய்திருக்கலாமே? "தவறு செய்துவிட்டேன், திருத்துகிறேன்" என்று கதிரையில் இருந்துகொண்டே சொல்லியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. அழுத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போனதும் இடத்தைவிட்டு நகர்ந்தார். எதிர்த்து நிற்பதும் இல்லை, திருப்பி அடிப்பதும் இல்லை, ஒதுங்கிவிடுவதுதான் அவர் வழி. 1953இல் அது அழகாகத் தெரிந்தது.

இடைப்பட்ட வருடங்கள்

1956 தேர்தலில் டட்லி நிற்கவில்லை. வாக்குக்காகக் கொத்தலாவலவும் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச்சிங்களக் கொள்கைக்கு மாறியும் பயனில்லை, ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது எட்டே ஆசனங்கள். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வந்தார், தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1957இல் டட்லி திரும்பிவந்து கட்சித் தலைமையை எடுத்தார். அந்த வருடம் ஜூலை 26இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் பிராந்திய சபைகள் பற்றி ஒப்பந்தம் செய்தபோது டட்லியின் கட்சிதான் அதை முன்னின்று எதிர்த்தது. அக்டோபரில் ஜே.ஆர். கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். இம்புல்கொடையில் மறிக்கப்பட்டுத் திரும்பினார். டட்லியும் ஒப்பந்தத்துக்கு எதிராகவே பேசினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் இனக்கலவரம்.

'நல்ல மனுசன்' என்று சொல்பவர்கள் 1957ஐப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. சில வருடங்களின் பின் தன் ஒப்பந்தத்தை உடைக்க வந்த அதே கோஷங்களுக்கு 1957இல் தண்ணீர் ஊற்றியவர்களில் டட்லியும் ஒருவர்.

1960 மார்ச்சில் ஐ.தே.க. 50 ஆசனங்களோடு முதலிடம். ஆனால் பெரும்பான்மை இல்லை. 15 ஆசனங்கள் வைத்திருந்த தமிழரசுக் கட்சி பிராந்திய சபைகள், தமிழ்மொழி, மலையகத் தமிழரின் குடியுரிமை ஆகியவற்றை முன்வைத்துக் கோரிக்கைகள் வைத்தது. டட்லி ஏற்கவில்லை. ஏப்ரல் 22இல் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் அரசு தோற்றது. ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தார். 1961இல் வடக்கு கிழக்கில் நடந்த சத்தியாகிரகத்துக்கு அவர் அரசு இராணுவத்தை அனுப்பியது. 1964 டிசம்பரில் அந்த அரசு ஒரே ஒரு வாக்கால் கவிழ்ந்தது.

மார்ச் 24, 1965

1965 மார்ச் 22 தேர்தலில் ஐ.தே.க.வுக்கு 66, சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு 41, தமிழரசுக்கு 14. இரண்டு பெரிய கட்சிகளும் செல்வநாயகத்தின் வாசலைப் பார்த்தன. 24ஆம் திகதி இரவு கொழும்பில் டாக்டர் எம்.வி.பி. பீரிஸின் வீட்டில் டட்லியும் செல்வநாயகமும் சந்தித்தார்கள். ஒரு சிறிய கடதாசியில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

இருவரையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். இருவருமே சென் தோமஸின் பழைய மாணவர்கள். இருவருமே சட்டம் படித்தவர்கள். குரலை உயர்த்தாதவர்கள். செல்வநாயகத்துக்கு நடுக்குவாத நோய், பேச்சு மிக மெல்லியதாகத்தான் வரும். ஏற்கெனவே ஒரு பிரதமர் கையெழுத்திட்டுவிட்டுக் கிழித்திருக்கிறார். இருந்தும் இரண்டாவது பிரதமரிடம் கையை நீட்டினார். காரணம் ஒன்றுதான்: இந்த ஆள் சொல் தவறமாட்டார் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் 1953. மனச்சாட்சிக்காகப் பதவியை விட்ட ஒருவர் மனச்சாட்சிக்காக வாக்கையும் காப்பாற்றுவார் என்று கணக்குப் போடுவது நியாயமான கணக்குத்தான்.

கடதாசியில் நான்கு விஷயங்கள் இருந்தன. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழியாகவும் பதிவு மொழியாகவும் இருக்கும், தமிழ் பேசுபவர் நாட்டின் எந்தப் பகுதியிலும் அரசோடு தமிழில் அலுவல் பார்க்கலாம். வடக்கு கிழக்கு நீதிமன்றங்கள் தமிழில் நடக்கும். மாவட்ட சபைகள் அமைக்கப்படும், ஆனால் தேசிய நலனுக்காக அவற்றுக்குப் பணிப்புரை கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கும். நான்காவது காணி. வடக்கு கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி கொடுக்கும்போது முதலில் அந்த மாவட்டத்தில் காணியற்றவர்கள், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், அதற்கும் அடுத்துத்தான் நாட்டின் மற்றப் பிரசைகள், அவர்களிலும் தமிழருக்கு முன்னுரிமை.

இந்த நான்காவதை வாசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் கனக்கும். கூட்டாட்சி கேட்டுப் புறப்பட்ட கட்சி, தன் மாவட்டத்துக் காணி தன் மாவட்டத்து ஏழைக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது. அதைக்கூட ஒரு பிரதமர் பகலில், நாடு பார்க்க எழுதிக் கொடுக்க முடியவில்லை.

ஏனென்றால் ஒப்பந்தம் அப்போது வெளியிடப்படவில்லை. ஏழு கட்சிகள் சேர்ந்த 'தேசிய அரசு' அமைந்தது. தமிழரசின் சார்பில் மு. திருச்செல்வம் செனட்டிலிருந்து உள்ளூராட்சி அமைச்சரானார். தமிழ்க் காங்கிரசும் மலையகத் தமிழர் தலைவர் தொண்டமானும் அரசை ஆதரித்தார்கள். ஒரு காலத்தில் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சி, தமிழர்களை இவ்வளவு நெருக்கமாகத் தன்னோடு வைத்துக்கொண்டது பெரிய மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றத்துக்கு அடித்தளமான கடதாசி பெட்டிக்குள் இருந்தது. என் பார்வையில் டட்லியின் ஆகப்பெரிய தவறு பின்னால் நடந்த பின்வாங்கல் அல்ல, இந்த ஒளிவுமறைவுதான். மக்களுக்குக் காட்டாத கடதாசியைப் பற்றி எதிராளி எதையும் சொல்லலாம். நாட்டை வடக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னார்கள். இல்லை, இதோ இவ்வளவுதான் என்று காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மேசையில் இல்லை.

மசாலா வடை

1966 ஜனவரி 8. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இலேயே நிறைவேறியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய பிரமாணங்கள் எட்டு வருடமாக எழுதப்படவே இல்லை. டட்லி அரசு எழுதி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. அன்று கொழும்பு விகாரமகாதேவி பூங்காவிலிருந்து எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் பிக்கு இறந்தார். அவசரகாலச் சட்டம் வந்தது.

ஊர்வலத்தில் சுதந்திரக் கட்சி இருந்தது ஆச்சரியமில்லை. நெஞ்சைச் சுடுவது, சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அங்கே நின்றதுதான். 1956இல் "ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு" என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1953இல் கொத்து அரிசிக்காகச் சிங்கள விவசாயியையும் தமிழ்த் தொழிலாளியையும் ஒரே நாளில் தெருவுக்கு இறக்கிய கட்சிகள் இவை. பதின்மூன்று வருடத்துக்குள் அதே தொழிலாளிகளைத் தமிழ்ப் பிரமாணங்களுக்கு எதிராக நடக்கவைத்தார்கள். "டட்லியின் வயிற்றில் மசாலா வடை" என்று சிங்களத்தில் கோஷம் போட்டார்கள். தமிழர் கொடுத்ததைத் தின்று விலைபோய்விட்டார் என்பது அர்த்தம். நோயில் வாடிய அந்த வயிற்றைக் குறிவைத்து ஓர் இனத்தின் சாப்பாட்டை வசவாக்கி எறிந்த கோஷம் அது.

சரி, டட்லி என்ன செய்தார்? இங்கே நின்றார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சூடு நடந்த பிறகும் பிரமாணங்களை வாபஸ் வாங்கவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1953இன் டட்லி அன்றே உடைந்திருப்பார். ஆனால் நிறைவேறிய பிரமாணங்கள் கந்தோர்களுக்குள் போகவில்லை. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவது நிற்கவில்லை. சட்டத்தைக் காப்பாற்றியதோடு அவர் பலம் தீர்ந்துபோனது என்றுதான் தோன்றுகிறது.

வயலில் வேறு டட்லி

ஒன்றைச் சொல்லாவிட்டால் இது அவருக்குச் செய்யும் அநியாயம். வயல் என்று வந்துவிட்டால் டட்லி தயங்கும் ஆள் இல்லை. தந்தை தொடங்கிய பாசனக் கனவை அவர் விடாமல் பிடித்திருந்தார். 1965க்குப் பின் உணவு உற்பத்தியை அரசின் முதல் வேலையாக்கி, மாவட்டம் மாவட்டமாகத் தானே போய்ப் பார்த்தார். புதிய நெல் ரகங்கள், உரம், கடன், நெல்லுக்குக் கூடிய உத்தரவாத விலை என்று எல்லாம் ஒன்றாக வந்ததில் விளைச்சல் நன்றாகவே ஏறியது. மகாவலி திட்டத்தின் பெருந்திட்டம் அவர் காலத்தில் தயாரானது. பொல்கொல்ல திசைதிருப்பல் வேலையும் 1970இல் அவர் ஆட்சியில்தான் தொடங்கியது.

அரிசி மானியத்தையும் 1966 டிசம்பரில் மறுபடி தொட்டார். இந்தத் தடவை பாடம் படித்திருந்தார். 25 சதத்துக்குக் கொடுத்த வாராந்த இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தார், ஆனால் அந்த ஒரு கொத்தை இலவசமாக்கினார். தெரு அமைதியாக இருந்தது. கோபம் வாக்குச்சீட்டுக்காகக் காத்திருந்தது.

வெள்ளை அறிக்கை

ஒப்பந்தத்தின் முதுகெலும்பு மாவட்ட சபைகள். 1968 ஜூனில் வெள்ளை அறிக்கை வந்தது. கடதாசியில் இருந்ததைவிடவும் இளைத்துத்தான் வந்தது, சபைகள் மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள். சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். பிக்குகள் எதிர்த்தார்கள். டட்லியின் சொந்தப் பின்வரிசை உறுப்பினர்களே முறுக்கிக்கொண்டார்கள், அடுத்த தேர்தலில் ஊருக்குள் போக முடியாது என்றார்கள். டட்லி கைவிட்டார்.

அதே வருடம் இன்னொன்று நடந்தது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் திருக்கோணேஸ்வரச் சூழலை இந்துப் புனித பூமியாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்திருந்தார். ஒரு பிக்கு ஆட்சேபித்தார். அமைச்சரைக் கலக்காமலே பிரதமர் குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். 1969இல் தமிழரசுக் கட்சி அரசை விட்டு வெளியேறியது.

அரசு கவிழவில்லை. இந்த இடத்தில்தான் முழு நிகழ்வின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். 1965இல் ஆட்சி அமைக்கத் தமிழரசின் கை தேவைப்பட்டது. 1968இல் அந்தக் கை இல்லாமலும் ஆட்சி ஓடியது. வெளியே போவோம் என்று மிரட்டச் செல்வநாயகத்தால் முடியவில்லை. டட்லி விழுந்தால் வரப்போகிறவர்கள் ஜனவரி 8 ஊர்வலத்தை நடத்தியவர்கள். ஆக, ஒப்பந்தத்தைத் தாங்கிநின்றது ஒரு மனிதரின் வாக்கு மட்டும்தான். வேறு எந்தத் தூணும் இல்லை.

அந்த மனிதர் அழுத்தம் வந்தால் ஒதுங்குகிறவர். 1953இல் ஒதுங்குவதற்குக் கதிரை இருந்தது, அதை விட்டு ஒதுங்கினார், பழி தன்னோடு முடிந்தது. 1968இல் வாக்கை விட்டு ஒதுங்கினார், கதிரையில் இருந்தார், பழி மற்றவர்கள் தலையில் விழுந்தது. இடம் மாறியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1953இல் இருந்து விலையைக் குறைத்திருக்கலாம். 1968இல் மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்து, தோற்றால் போகிறேன் என்று நின்றிருக்கலாம். ஒரு சிங்களப் பிரதமர் தமிழருக்குக் கொடுத்த வாக்குக்காகப் பதவி இழந்தார் என்ற ஒரே ஒரு உதாரணமாவது அந்த நாட்டின் கையில் இருந்திருக்கும். செல்வநாயகத்தைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்த இளைஞர்களிடம் காட்டுவதற்கு அந்த மூத்தவரிடம் ஏதாவது இருந்திருக்கும்.

ஜே.ஆரோ வேறு யாரோ டட்லியின் இடத்தில் இருந்திருந்தால் நன்றாக நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. 1965இல் அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போடும் அளவுக்குத் தமிழர் பக்க நியாயத்தை உணர்ந்த பெரிய சிங்களத் தலைவர்கள் அதிகம் இல்லை. அதனால்தான் இழப்பும் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாவது கொத்து

1970 மே 27 தேர்தலில் சிறிமாவோ இரண்டாவது கொத்து அரிசியைத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று மேடைகளில் பேசினார்கள். அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். ஐ.தே.க.வுக்கு 37.9 சதவீத வாக்கு, சுதந்திரக் கட்சிக்கு 36.9 சதவீதம். ஆசனங்களோ ஐ.தே.க.வுக்கு 17, சுதந்திரக் கட்சிக்கு 91. இடதுசாரிகளோடு தொகுதி பிரித்து நின்றதன் பலன் அது. டட்லியை முதலில் இறக்கியது 45 சத விலை ஏற்றம், கடைசியாக இறக்கியதில் ஒரு கொத்துக் குறைப்புக்குப் பெரும் பங்கு.

மிச்சக் காலத்தில் கட்சிக்குள் ஜே.ஆரோடு இழுபறி. 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகச் சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவு அதில் இல்லை.

1973 ஏப்ரல் 13, சித்திரை வருடப்பிறப்பு நேரம், டட்லி இறந்தார். பொரளை 'வுட்லண்ட்ஸ்' வீட்டுக்கு வெளியே சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்றது. இருபது வருடத்துக்கு முன் அவர் அரசை எதிர்த்துத் தண்டவாளம் பெயர்த்த கரையோர ஊர்களிலிருந்தும் வந்தார்கள்.

அன்று செல்வநாயகம் நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, 1972 அக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்திருந்தார். இடைத்தேர்தல் வைத்து மக்களிடம் கேளுங்கள் என்று அரசுக்குச் சவால் விட்டிருந்தார். அரசு தேர்தலை வைக்கவில்லை. அந்த ஏப்ரலிலும் அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார். தேர்தல் நடந்தது 1975 பெப்ரவரியில்.